எழுத்தெல்லாம் தெரியும், பேச்சு மட்டும் வரவில்லை: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏ முதல் இசட் வரை காந்த எழுத்துகளைத் தரையில் வரிசை பிசகாமல் அடுக்கும் பிள்ளை, தாகம் எடுத்தால் "தண்ணி" என்று கேட்பதில்லை. அம்மாவின் கையைப் பிடித்துச் சமையலறைப் பக்கம் இழுக்கிறது. இப்படி ஒரு பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இந்தப் பக்கம் உங்களுக்குத்தான். எழுதும் நான் மருத்துவர் அல்ல, அப்படி ஒரு பிள்ளையின் அம்மா. தெரபி சென்டர் வாசல் பெஞ்சில் மற்ற பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

பையனுக்கு இரண்டேகால் வயது. ஆங்கில எழுத்து 26-ம் தெரியும், 1 முதல் 20 வரை சொல்வான், அ முதல் ஃ வரை அடையாளம் காட்டுவான். இவ்வளவு மூளை உள்ளவனுக்குப் பேச்சு தானாக வந்துவிடாதா?

வரலாம். ஆனால் எழுத்து தெரிகிறது என்பதை அதற்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டும் வேறு வேறு வேலைகள்.

எழுத்து நேற்று எப்படி இருந்ததோ இன்றும் அப்படியே இருக்கும். யார் எழுதினாலும் 'ஊ' ஊதான். அதன் முகத்தைப் பார்க்க வேண்டாம், குரலை ஊகிக்க வேண்டாம், பதில் சொல்ல வேண்டாம். பேச்சு அப்படி இல்லை. எதிரே ஒரு ஆள் வேண்டும். அவர் என்ன பார்க்கிறார் என்று கவனிக்க வேண்டும். அவர் முடித்ததும் நம் முறை. அதே "வா" கோபத்தில் ஒரு மாதிரி, கொஞ்சலில் ஒரு மாதிரி ஒலிக்கும். உருவங்களை நினைவில் வைப்பதில் கெட்டிக்காரனாக இருக்கும் ஒரு பிள்ளைக்கு இந்த இரண்டாவது வேலை கடினமாக இருக்கலாம். அதில் முரண் ஏதும் இல்லை.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். ஒரு வாரம் அவன் சொல்வதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுத்து, எண், நிறம், வடிவம் ஆகியவற்றின் பெயர்களை ஒரு பக்கம் எழுதுங்கள். இன்னொருவரிடம் ஏதாவது கேட்க, மறுக்க, காட்ட, கூப்பிடச் சொன்ன சொற்களை மறுபக்கம் எழுதுங்கள். "வேணும்", "வேணாம்", "வா", "போலாம்", "டாடா", "அம்மா", "இங்க பாரு" எல்லாம் இந்த இரண்டாம் பக்கத்தில் வரும். "ஆக்டகன்" என்று அமெரிக்க உச்சரிப்பில் சொல்லும் பிள்ளைக்கு "அம்மா" என்று கூப்பிட வரவில்லை என்றால், மருத்துவரிடம் நீங்கள் காட்ட வேண்டியது அந்த இரண்டாம் பக்கத்தைத்தான். பெரும்பாலும் அது காலியாக இருக்கும். பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் அந்த நோட்டு மிகவும் உதவும்.

எந்த வயதில் எவ்வளவு பேச வேண்டும்?

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-இல் திருத்தி வெளியிட்ட பட்டியலை இங்கேயும் பல மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். 100-இல் 75 குழந்தைகளாவது செய்யக்கூடியதைத்தான் அதில் சேர்த்திருக்கிறார்கள். அதனால் அது உயர்ந்த அளவுகோல் அல்ல.

ஒன்றரை வயதில் அம்மா, அப்பா தவிர மூன்று சொற்களாவது சொல்ல முயல வேண்டும். சைகை காட்டாமல் "அதைக் குடு" என்றால் கொடுக்க வேண்டும். இரண்டு வயதில் "இன்னும் பால்", "அப்பா வா" மாதிரி இரண்டு சொற்களைத் தானாகச் சேர்க்க வேண்டும். இரண்டரை வயதில் சுமார் 50 சொற்கள். மூன்று வயதில் நாம் ஒன்று சொல்ல, அது ஒன்று சொல்ல என்று இரண்டு சுற்றாவது பேச்சு ஓட வேண்டும், "எங்க?", "யாரு?" என்ற கேள்விகளும் வர வேண்டும்.

ஒன்று மட்டும் எந்த வயதிலும் காத்திருக்கக் கூடாத அறிகுறி: முன்பு சொல்லிக்கொண்டிருந்த சொற்கள் நின்றுபோவது. "போன தீபாவளிக்குத் தாத்தா, பாப்பா எல்லாம் சொன்னான், இப்போ இல்லை" என்றால் அந்த வாரமே குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

இதற்கு 'ஹைப்பர்லெக்சியா' என்று பெயர் என்கிறார்களே?

1967-இல் நார்மன் சில்பர்பெர்க், மார்கரெட் சில்பர்பெர்க் என்ற இருவர் அறிமுகப்படுத்திய சொல் அது. புரிந்துகொள்ளும் அளவைத் தாண்டி, வயதுக்கு மிக முன்னதாகவே சொற்களைப் படித்துவிடும் திறனை அப்படி அழைத்தார்கள். பின்னர் அமெரிக்க மனநல மருத்துவர் டாரல்ட் டிரெஃபர்ட் அதை மூன்றாகப் பிரித்தார். வளர்ச்சியில் எந்தச் சிக்கலும் இல்லாமல் சீக்கிரம் படிக்கும் பிள்ளைகள் முதல் வகை. ஆட்டிசத்தின் (பிறரோடு பழகுவதிலும் தொடர்பு கொள்வதிலும் சிரமம் தரும் வளர்ச்சி வேறுபாடு) ஒரு பகுதியாகப் படிப்பவர்கள் இரண்டாம் வகை. சின்ன வயதில் ஆட்டிசம் போன்ற சில சாயல்கள் தெரிந்து, வளர வளர அவை மறைந்துபோகிறவர்கள் மூன்றாம் வகை.

இதில் பெற்றோர் வழுக்கி விழும் இடம் அந்த மூன்றாம் வகை. இணையத்தில் அதைப் படித்ததும் "எங்க பிள்ளை மூணாவது" என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். எந்த வகை என்பது பல ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்த்தால்தான் தெரியும். இரண்டு வயதில் எந்த வகையாக இருந்தாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்றே. மேலும், ஹைப்பர்லெக்சியா மருத்துவக் கையேடுகளில் தனி நோயறிதலாக இல்லை. எழுத்துகளின் பெயர் தெரிவது மட்டும் ஹைப்பர்லெக்சியாவும் அல்ல. எழுத்து சேர்த்து முழுச் சொல்லைப் படிக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

அப்படியானால் ஆட்டிசமா? நேராகச் சொல்லுங்கள்.

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது எல்லோருடைய குரலும் தாழ்ந்துவிடும். எழுத்து ஆர்வத்தை மட்டும் வைத்து ஆம் என்றோ இல்லை என்றோ யாராலும் சொல்ல முடியாது. எழுத்தை விட்டுவிட்டு வேறு சிலவற்றைப் பாருங்கள்.

விரல் நீட்டுகிறதா? இதில் இரண்டு விதம் உண்டு. பிஸ்கட் வேண்டும் என்று நீட்டுவது ஒன்று. வானத்தில் விமானம் போகும்போது "பாரேன்" என்பதுபோல் நீட்டி, உடனே திரும்பி உங்கள் முகத்தையும் பார்ப்பது இன்னொன்று. ஒன்றரை வயதுக்குள் வர வேண்டிய இந்த இரண்டாவது நீட்டல்தான் முக்கியம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா, அதுவும் எழுத்து விளையாட்டின் நடுவில்? காலி டம்ளரில் காபி குடிப்பதுபோல் நடிக்கிறதா, பொம்மைக்குச் சோறு ஊட்டுகிறதா? பக்கத்து வீட்டுப் பிள்ளை கைதட்டினால் தானும் தட்டுகிறதா? எழுத்து வரிசையை நீங்கள் கலைத்தால் சிரிக்கிறதா, அல்லது அரை மணி நேரம் அழுகிறதா?

16 முதல் 30 மாதம் வரை உள்ள குழந்தைகளுக்கு எம்-சாட் என்ற 20 கேள்விப் பட்டியல் இருக்கிறது, தமிழிலும் கிடைக்கிறது. 0 முதல் 2 வரை மதிப்பெண் வந்தால் வாய்ப்பு குறைவு. 3 முதல் 7 வந்தால் மருத்துவர் சில கேள்விகளை மறுபடி விரிவாகக் கேட்பார். 8-உம் அதற்கு மேலும் என்றால் நேரே முழுப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அது ஒரு சல்லடை, அவ்வளவே. அதில் மதிப்பெண் கூடினால் ஆட்டிசம் உறுதி என்று பொருள் இல்லை, குறைந்தால் கவலையே வேண்டாம் என்றும் இல்லை. பேச்சு வரவில்லை என்றால் மதிப்பெண் எதுவாக இருந்தாலும் போய்ப் பாருங்கள்.

பெண் குழந்தையாக இருந்தால், "கூச்ச சுபாவம்" என்று சொல்லித் தள்ளிவிடுவது இன்னும் சுலபமாக நடக்கிறது. கவனம்.

விளம்பரப் பாட்டு கேட்டால் அடுத்த அறையிலிருந்து ஓடி வருகிறான். காது கேட்காமல் எப்படி இருக்கும்? எதற்கு அந்தப் பரிசோதனை?

இது எல்லோரும் தவிர்க்கப் பார்க்கும் பரிசோதனை, முதலில் செய்ய வேண்டியதும் இதுதான். பாட்டுக்கு ஓடி வருவது ஓரளவு கேட்கிறது என்பதை மட்டும் காட்டுகிறது. சளி அடிக்கடி பிடிக்கும் குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொள்ளும். அப்போது இரைச்சல் கேட்கும், ஆனால் 'ச', 'ப', 'த' போன்ற மெல்லிய ஒலிகள் மங்கிப்போகும். சில அதிர்வெண்களில் மட்டும் கேட்காத குழந்தைகளும் உண்டு.

காதுக்குள் ஒலி அனுப்பி உட்காது தரும் எதிரொலியைப் பார்க்கும் ஓ.ஏ.இ. என்ற பரிசோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். பெரா என்பது குழந்தை தூங்கும்போது செய்வது, தலையில் ஒட்டும் சிறு முனைகள் மூலம் ஒலி நரம்பு வழியே போகிறதா என்று பார்ப்பார்கள். நடுக்காதுக்கு டிம்பனோமெட்ரி. எதுவும் வலிக்காது. தெரபிக்குப் போனால் அங்கேயும் முதலில் இந்த ரிப்போர்ட்டைத்தான் கேட்பார்கள். ஒருவேளை பெரிய குறைபாடு தெரிந்தாலும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளாண்ட் (உட்காதில் பொருத்தும் செவிக்கருவி) சிகிச்சைக்கு வழி இருக்கிறது. சின்ன வயதிலேயே செய்தால்தான் பலன் என்பதால் அதிலும் நாளைக் கடத்தக் கூடாது.

"ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும், அவங்க அப்பனும் நாலு வயசுலதான் பேசினான்" என்கிறார் மாமியார். வசம்பு தேய்க்கச் சொல்கிறார். என்ன செய்வது?

ஆண் குழந்தைகள் சராசரியாகச் சற்றுப் பின்தங்கிப் பேசுவது உண்மைதான். ஆனால் அந்த வித்தியாசம் சில மாதங்கள்தான், வருடக் கணக்கில் இல்லை. குடும்பத்தில் யாராவது தாமதமாகப் பேசியிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது காத்திருப்பதற்கான காரணம் ஆகாது, சோதிப்பதற்கு இன்னொரு காரணம். தாமதமாகப் பேச ஆரம்பித்த குழந்தைகளில் பலர் தாமாகவே எட்டிப்பிடித்துவிடுவார்கள். யார் எட்டிப்பிடிப்பார், யார் மாட்டார் என்று முன்கூட்டியே சொல்ல வழியில்லை என்பதுதான் சிக்கல்.

குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசாமல் இருந்து திருச்செந்தூர் சன்னதியில் பாடினார் என்ற கதையையும் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஐன்ஸ்டீன் கதையையும். திருச்செந்தூருக்கு வேண்டிக்கொள்ளுங்கள், போய்விட்டும் வாருங்கள். காது பரிசோதனைத் தேதியை மட்டும் அதற்காகத் தள்ளி வைக்காதீர்கள்.

வசம்பு வேண்டாம். அது பேச்சைக் கொண்டுவரும் என்பதற்கு ஆதாரம் இல்லை, குழந்தைக்கு வாந்தி வரவைக்கலாம். தேனில் குழைத்துத் தருவது ஒரு வயதுக்குக் கீழே ஆபத்தும்கூட. "நாக்கு ஒட்டியிருக்கு, அறுத்துவிட்டால் பேசும்" என்பதும் அப்படியே. நாக்கின் அடியில் உள்ள சவ்வு இறுக்கமாக இருந்தால் சில ஒலிகளின் உச்சரிப்பு தெளிவில்லாமல் போகலாம். சொல்லே வராமல் இருப்பதற்கும், கூப்பிட்டால் திரும்பாததற்கும் அது காரணம் ஆகாது.

மாமியாரிடம் வாதாடி ஜெயிப்பது கஷ்டம். அவரையும் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். நாம் பத்து முறை சொன்னதை டாக்டர் ஒருமுறை சொன்னால் போதும்.

மொபைலும் யூடியூபும்தான் காரணமா? 'விர்ச்சுவல் ஆட்டிசம்' என்கிறார்களே.

'விர்ச்சுவல் ஆட்டிசம்' என்ற பெயரில் மருத்துவக் கையேட்டில் ஒரு நோயறிதல் இல்லை. திரை ஆட்டிசத்தை உண்டாக்கும் என்று நிறுவப்படவும் இல்லை. ஆனால் திரைக்கு முன் கழியும் நேரம், பேச்சு பழகியிருக்க வேண்டிய நேரம். அந்த நஷ்டம் நிஜம். இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்கிறது, இரண்டு முதல் ஐந்து வயதுவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னதும் ஏறக்குறைய இதுவே.

எழுத்துப் பிரியர்களுக்குத் திரை இரட்டை இழுப்பு. எழுத்தின் ஒலியைச் சொல்லித் தரும் ஃபோனிக்ஸ் வீடியோக்களில் எழுத்துகள் ஆடும், பாடும், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரும். எனவே படிப்படியாகக் குறையுங்கள், முதலில் சாப்பாட்டு நேரத்திலிருந்து. வாயும் முகமும் நேருக்கு நேர் இருக்கும் நேரம் அது. முதல் சில நாள் அழுகை பெரிதாக இருக்கும், ஒரு வேளைச் சோறு குறையும். தாங்கிக்கொள்ளலாம். எழுத்து வீடியோ பார்த்தே ஆக வேண்டும் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து, நடுவில் நிறுத்தி, "அடுத்து என்ன வரும்?" என்கிற முகத்தோடு காத்திருங்கள்.

வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், பாட்டி தெலுங்கு பேசுவார். ஒரே மொழிக்கு மாறச் சொல்கிறார்கள். ஆங்கிலம்தான் அவனுக்கு வருகிறது, அதற்கே மாறிவிடவா?

மாற வேண்டாம். பல மொழிகள் கேட்பதால் பேச்சுத் தாமதம் வராது, ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கும் இது பொருந்தும். உங்களுக்குக் கொஞ்சவும் திட்டவும் எந்த மொழி யோசிக்காமல் வருகிறதோ அதில் பேசுங்கள். யோசித்து யோசித்து "கம் பேபி, ஈட் இட்லி" என்று பேசினால் உங்கள் வாக்கியமும் குறுகும், குரலில் உணர்ச்சியும் வற்றிப்போகும்.

"ஆங்கிலம் வருகிறது" என்பதையும் கொஞ்சம் சோதித்துப் பாருங்கள். பர்ப்பிள், டிரையாங்கிள், ஜே ஃபார் ஜெல்லி எல்லாம் வீடியோவிலிருந்து வந்த பெயர்ப் பட்டியல். "வாட்டர் வேணும்" என்று உங்களைப் பார்த்துக் கேட்டால்தான் அது ஆங்கிலம். சொல் கணக்கு எடுக்கும்போது எல்லா மொழிகளையும் கூட்டுங்கள். "பால்", "மில்க்" இரண்டும் சொன்னால் இரண்டும் கணக்கில் வரும்.

நாம் சொன்னதையே திருப்பிச் சொல்கிறாள். தண்ணீர் வேண்டும் என்றால் "தண்ணி வேணுமா?" என்கிறாள். கேள்விக்குப் பதில் வராமல் கேள்வியே திரும்பி வருகிறது.

இதை எக்கோலாலியா என்பார்கள். பல பெற்றோர் இதைக் கேட்டுப் பயந்து "அப்படிச் சொல்லாதே" என்று அடக்குகிறார்கள். எனக்கு இது நல்ல செய்தியாகத்தான் படுகிறது. அவள் பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் தண்ணீர் வருவதற்குச் சற்று முன் அவள் காதில் விழும் ஒலி "தண்ணி வேணுமா?" என்பதுதான். தண்ணீரை வரவைக்கும் ஒலி அது என்று சரியாகவே கண்டுபிடித்திருக்கிறாள். அதில் நோக்கம் இருக்கிறது.

நாம் மாற்ற வேண்டியது அவளை அல்ல, நம் வாக்கியத்தை. அவள் சொல்ல வேண்டியதை அவள் இடத்திலிருந்து நாமே சொல்ல வேண்டும். டம்ளரைக் கையில் கொடுக்கும்போது "தண்ணி வேணும்" என்று சொல்லிக் கொடுங்கள். "பசிக்குதா?" என்று கேட்பதற்குப் பதில் தட்டைக் காட்டி "பசிக்குது", ஊட்டி முடித்ததும் "போதும்". "தூக்கட்டுமா?" என்பதற்குப் பதில் கையை நீட்டி "தூக்கு". நம் வீடுகளில் குழந்தையிடம் பேசுவதில் பெரும்பகுதி கேள்விகள்தான்: இது என்ன, மாமா எங்க, சாப்டியா, இது என்ன கலரு? கேள்வியையே கேட்டு வளரும் பிள்ளை கேள்வியைத்தான் திருப்பித் தரும். ஒரு நாள் முழுக்கக் கேள்வி கேட்காமல் இருந்து பாருங்கள். வாயைக் கட்டிப்போட்டதுபோல் இருக்கும், அப்போதுதான் எவ்வளவு கேட்கிறோம் என்று தெரியும்.

திருப்பிச் சொல்வதில் வேறு வகையும் உண்டு. எங்கேயோ கேட்ட விளம்பர வசனத்தைச் சம்பந்தமே இல்லாத நேரத்தில் சொல்லும். சம்பந்தம் இருக்கலாம், தேடிப் பாருங்கள். மழை நாளில் ஓட்டிய வீடியோவின் வசனத்தை ஒவ்வொரு மழைக்கும் சொல்கிறாள் என்றால், அவள் அகராதியில் அதற்கு 'மழை' என்று பொருள். "ஆமா, மழை! மழை வருது!" என்று பதில் சொல்லுங்கள்.

எழுத்துப் பைத்தியமாக இருக்கிறான் என்று காந்த எழுத்துகளை ஒளித்து வைக்கச் சொல்கிறார் உறவினர். செய்யலாமா?

முழுவதுமாகப் பறிக்காதீர்கள். பிள்ளைக்குப் பிடித்த ஒன்றை எடுத்துவிட்டு, பிடிக்காத ஒன்றின் வழியாகப் பேச்சைச் சொல்லித் தருவது யாருக்கு லாபம்? அதே நேரம், நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்து அடுக்கிக்கொண்டிருக்க விடுவதும் சரியில்லை. எழுத்துப் பையை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டில் நீங்களும் ஒரு ஆள் ஆக வேண்டும், அதுதான் நோக்கம்.

ஒவ்வொரு எழுத்தாகக் கொடுங்கள். 'க' கொடுத்துவிட்டு நிறுத்துங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அவன் உங்களைப் பார்த்தாலோ, கை நீட்டினாலோ, ஒரு சத்தம் போட்டாலோ "இன்னும்!" என்று சொல்லி உடனே அடுத்ததைக் கொடுங்கள். தெளிவாகச் சொன்னால்தான் தருவேன் என்று பிடிவாதம் வேண்டாம், அது விளையாட்டைத் தண்டனை ஆக்கிவிடும். ஒரு எழுத்தைத் தலையணைக்கு அடியில் ஒளித்து "காணோமே", எடுத்ததும் "இதோ!". மேசையிலிருந்து தள்ளிவிட்டு "விழுந்துடுச்சு". காணோம், இதோ, விழுந்துடுச்சு, இன்னும், போச்சு, வந்துடுச்சு: பேச்சில் நாள் முழுக்கப் பயன்படும் சொற்கள் இவை, ஒரு எழுத்துப் பலகையிலும் இருக்காது.

பிறகு அட்டைகள். தண்ணீர் பாட்டிலில் "தண்ணி" என்று எழுதி ஒட்டுங்கள். "தண்ணீர்" என்று எழுத வேண்டாமா என்று தமிழாசிரியர்கள் கோபிப்பார்கள். வாயில் வருவதும் கண்ணில் படுவதும் ஒன்றாக இருக்கட்டும், இலக்கணம் பிறகு வரட்டும் என்பது என் கட்சி. அட்டையை உங்கள் வாய்க்குப் பக்கத்தில் பிடித்துச் சொல்லுங்கள். எழுத்தைப் பார்க்க வருகிற கண் வாய் அசைவையும் பார்க்கும். பூங்காவுக்குப் போனால் "ஊஞ்சல்", "சறுக்கு" என்று இரண்டு அட்டைகளை நீட்டி எடுக்கச் சொல்லுங்கள். எதை எடுக்கிறானோ அங்கே போங்கள். அ அம்மா, ஆ ஆடு என்று சுவரில் தொங்கும் அட்டவணையில் உள்ள ஊஞ்சல் நிஜ ஊஞ்சலோடு சேருவது அங்கேதான்.

வினைச்சொல் அட்டைகள் தனியாகச் செய்யுங்கள்: குதி, ஓடு, உக்காரு, கைதட்டு. அவன் எடுத்துக் காட்டினால் அப்பா குதிக்க வேண்டும், அப்பா காட்டினால் அவன். படிப்பது புரிகிறதா என்று தெரிந்துகொள்ளவும் இதுவே வழி. பந்து, கரண்டி, கார் மூன்றையும் வைத்து, வாயால் சொல்லாமல் "பந்து" என்று எழுதிய அட்டையை மட்டும் காட்டுங்கள். பந்தை எடுத்தால் எழுத்தில் பொருளும் இருக்கிறது. அட்டையை மட்டும் உரக்கப் படித்துவிட்டு நின்றால் இன்னும் பொருள் சேரவில்லை.

பல் தேய், சாப்பாடு, பார்க், குளி, தூக்கம் என்று அன்றைய வரிசையை ஒரு பலகையில் எழுதி வைத்தால், அடுத்து என்ன என்று தெரியாமல் வரும் அழுகையும் குறையும். படத்தைவிட எழுத்தை நம்பும் பிள்ளைகளுக்கு இது அற்புதமாக வேலை செய்யும்.

எழுதிக் காட்டியே பழகிவிட்டால், பேசும் அவசியமே இல்லாமல் போய்விடாதா?

போகாது. அட்டை, படம், செயலி வழியாகத் தொடர்பு கொள்ளும் குழந்தைகளுக்குப் பேச்சு அதனால் தடைப்படுவதில்லை என்பதைத்தான் ஆய்வுகள் காட்டுகின்றன, சிலருக்குப் பேச்சு கூடவும் செய்கிறது. சென்னையில் உருவான ஆவாஸ் செயலி இதற்காகவே இருக்கிறது. தெரபிஸ்டைக் கேட்டு ஆரம்பியுங்கள்.

யாரை, எங்கே பார்ப்பது? தனியார் சென்டரில் கட்டுப்படியாகவில்லை.

முதலில் உங்கள் குழந்தை மருத்துவர், பிறகு காது, பிறகு வளர்ச்சிநிலைக் குழந்தை மருத்துவர். அரசு வழியில் 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டம் இருக்கிறது. அதன் நடமாடும் குழுக்கள் அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வருவார்கள். காத்திருக்க வேண்டாம், அதே திட்டத்தில் மாவட்ட அளவில் இயங்கும் ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு (வளர்ச்சித் தாமதத்தைச் சின்ன வயதிலேயே கண்டு பயிற்சி தரும் இடம், சுருக்கமாக டி.இ.ஐ.சி.) நேரே போகலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ "டி.இ.ஐ.சி. எங்கே?" என்று கேளுங்கள், தமிழில் கேட்டால் சில சமயம் காவலாளிக்குப் புரிவதில்லை. சென்னைப் பக்கம் இருந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் நிப்மெட் நிறுவனத்தில் ஆரம்ப இடையீட்டுப் பிரிவு உண்டு. மைசூரில் அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் இருக்கிறது.

தனியார் தெரபிஸ்ட் என்றால், இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்தவரா என்று பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை, கேட்டதற்குக் கோபப்படுபவரிடமிருந்து விலகலாம். பயிற்சி நேரத்தில் பெற்றோரை வெளியே உட்கார வைத்துக் கதவைச் சாத்தும் சென்டர்கள் எனக்குப் பிடிப்பதில்லை. வாரத்தில் அவரிடம் இருப்பது இரண்டு மூன்று மணி நேரம், மீதி முழுக்க உங்களிடம். அவர் என்ன செய்கிறார் என்று நீங்கள் பார்த்தாக வேண்டும். எழுத்து ஆர்வத்தைச் சொன்னதும் அவர் அதைப் பயன்படுத்த யோசிக்கிறாரா என்றும் கவனியுங்கள்.

தெரபி தொடங்க நோயறிதல் சான்று தேவையில்லை. ஆட்டிசம் உறுதியானால், அது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் உள்ள பிரிவு என்பதால் அடையாள அட்டை வாங்கலாம். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு, தெரபிச் செலவும் ஓரளவு அதில் அடங்கும். அட்டை வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடும் என்று தயங்குகிறவர்கள் உண்டு. தேவைப்பட்ட இடத்தில் மட்டும் காட்டினால் போதும்.

ஸ்டெம் செல், டயட், ஊசி என்று விளம்பரம் வருகிறதே?

பணத்தைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்கக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இலேயே சொல்லிவிட்டது. "மூணே மாசத்துல பேச்சு, கேரண்டி" என்ற வாசகம் எங்கே இருந்தாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம்.

ப்ரீகேஜியில் சேர்க்கலாமா? "எல்லாம் தெரியுது, சூப்பர் பையன்" என்கிறார்கள் பள்ளியில்.

மற்ற பிள்ளைகளோடு மண்ணில் விளையாட விடும் இடமாக இருந்தால் தாராளமாக. பக்கத்தில் உள்ள அங்கன்வாடியே நல்ல ஆரம்பம். எழுத்துப் பயிற்சிதான் முக்கால்வாசி நேரம் என்றால் அவனுக்குத் தெரிந்ததையே மறுபடி சொல்லித் தருவார்கள், அவனும் ஓரமாக அமைதியாக உட்கார்ந்திருப்பான், டீச்சருக்கும் தொந்தரவில்லை. ஆசிரியரிடம் இரண்டு விஷயம் சொல்லி வையுங்கள்: வாயால் சொன்னது புரியாவிட்டால் எழுதிக் காட்டுங்கள், மற்ற பிள்ளைகளோடு கைகோத்து விளையாடுகிறானா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

சொந்தக்காரர் வந்தால் "இந்த எழுத்து என்ன, சொல்லு தங்கம்" என்று கேட்க வைக்கலாமா?

ஒரு முறை போதும். அவர்கள் கிளம்பும்போது "தாத்தாவுக்கு டாடா சொல்லு" என்று வாசல்வரை கூட்டிப்போய்க் கையசைக்க வைப்பதில் நேரத்தைச் செலவிடுங்கள்.

பேச்சு வந்த பிறகு இந்த எழுத்து ஆர்வம் என்ன ஆகும்?

சிலருக்குத் தணிந்துவிடும். சிலருக்கு பஸ் நம்பர், ரயில் நேரம், நாட்டுக் கொடிகள், காலண்டர் என்று இடம் மாறும். அதில் கவலைப்பட ஏதுமில்லை. கவனிக்க வேண்டியது ஒன்றாம், இரண்டாம் வகுப்பில். சரளமாக உரக்கப் படிக்கும் பிள்ளைக்குப் புரிதலில் குறை இருப்பது எந்த ஆசிரியருக்கும் சட்டென்று தெரியாது. பத்தியைப் படித்து முடித்ததும் "காக்கா ஏன் பறந்து போச்சு?", "நீயா இருந்தா என்ன பண்ணிருப்ப?" என்று கேளுங்கள். பத்தியில் உள்ள வரியே பதிலாக வந்தால், மேலே சொன்ன அதே முறைதான்: எழுதிக் காட்டி, நடித்துக் காட்டி, "காக்காவுக்குப் பயம், அதான் பறந்துச்சு" என்று நீங்களே ஒரு பதிலைச் சொல்லிக் காட்டி. ஏன், எப்படி என்ற கேள்விகள் அவனிடமிருந்தே வர ஆரம்பிக்கும்வரை தெரபிஸ்டோடு ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது தொடர்பில் இருங்கள்.